மலை காத்த மாலுமி

நுழையுமுன்

நடுக்கடலில் ஒரு கப்பல் துன்பக் குறி காட்டினால், அதனைக் காணும் மற்றொரு கப்பல் தன் வழியை விட்டு விலகி உதவிக்கு விரைய வேண்டும் என்பது மாலுமிகளின் நெடுங்கால வழக்கம். துன்பத்தில் இருப்பவர் எந்நாட்டவர், எம்மொழியினர், உதவிக்குக் கூலி தருவாரா என்றெல்லாம் அங்கே எவரும் வினவுவதில்லை. கடலில் வழங்கிய அந்த அறத்தை மலைக்குக் கொண்டு சென்ற ஒருவரின் வாழ்க்கையை இப்பாடத்தில் அறிவோம்.

கடலை விரும்பிய இளைஞர்

மரியுஷ் ஸாருஸ்கி 1867ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 31ஆம் நாள், இன்றைய உக்ரைன் நாட்டிலுள்ள துமானுவ் என்னும் சிற்றூரில், போலந்துக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அவர் பிறந்த காலத்தில் உலகப் படத்தில் போலந்து என்னும் நாடே இல்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று பேரரசுகளும் அந்நாட்டைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. நாடு இல்லாவிடினும் மொழி இருந்தது. அம்மொழி பேசும் மக்கள் பல நிலங்களில் சிதறி வாழ்ந்தனர். வீட்டில் ஒரு மொழியும் வெளியில் வேறொரு மொழியுமாக வளரும் வாழ்க்கை எத்தகையது என்பதை, மாணவர்களே, உங்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

இளமையில் ஸாருஸ்கி கருங்கடற்கரையிலுள்ள ஒதெசா நகருக்குச் சென்று பல்கலைக்கழகத்தில் பயின்றார். வகுப்பறை அவருக்கு அறிவைத் தந்தது; துறைமுகமோ அவருடைய உள்ளத்தையே கவர்ந்துகொண்டது. பாய் விரித்துப் புறப்படும் கப்பல்களைக் கண்டு மகிழ்ந்ததோடு அவர் நில்லாமல், தாமும் கப்பலேறிக் கடல் வாழ்க்கையைப் பழகத் தொடங்கினார்.

போலந்தின் விடுதலையை நாடியவர்களோடு அவருக்குத் தொடர்பு இருந்தது. ரஷ்யப் பேரரசு அதனைக் குற்றமாகக் கருதியது. 1894ஆம் ஆண்டு அவர் சிறைப்பிடிக்கப்பட்டு, வடகோடியில் வெண்கடலை ஒட்டியுள்ள அர்க்கான்கெல்ஸ்க் நகருக்கு நாடு கடத்தப்பட்டார். ஆண்டில் பல மாதங்கள் பனிக்கட்டி மூடிக் கிடக்கும் பகுதி அது. தண்டனையாக அளிக்கப்பட்ட அந்த ஊரை அவர் தமக்குப் பள்ளிக்கூடமாக மாற்றிக்கொண்டார். அங்கிருந்த கடற்பயிற்சிப் பள்ளியில் முறையாகக் கல்வி கற்றார். வடகடல்களில் சரக்குக் கப்பல்களில் பணிபுரிந்தார். அலையும் குளிரும் இருளும் சூழ்ந்த அந்நீரில், உடன் வருபவரின் உயிர் தம் கையிலும், தம் உயிர் உடன் வருபவரின் கையிலும் இருப்பதை அவர் நாள்தோறும் உணர்ந்திருப்பார்.

மலையடிவாரத்தில் ஒரு மாலுமி

தண்டனைக் காலம் முடிந்து மீண்ட ஸாருஸ்கி, 1901ஆம் ஆண்டில் கிராக்கோவ் நகரிலுள்ள நுண்கலைக் கழகத்தில் ஓவியம் பயிலச் சேர்ந்தார். அவருடைய தூரிகை பெரிதும் கடலையே தீட்டியது. ஆயினும் வாழ்க்கை அவரைக் கடலிலிருந்து மேலும் விலக்கியது. அவர் மனைவி இஸபெல்லா நோயுற்றார். தூய மலைக்காற்று அவருக்கு நலம் தரும் என்பதால், 1904ஆம் ஆண்டு இருவரும் தாத்ரா மலையடிவாரத்திலுள்ள ஸாகோபனே என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தனர்.

தாத்ரா மலைத்தொடர் இன்று போலந்துக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் இடையே எல்லையாக நிற்கிறது. அதன் மிக உயர்ந்த சிகரமான கெர்லாக் 2655 மீட்டர் உயரமுடையது. இமயத்தின் உச்சியோடு ஒப்பிட்டால் அது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எனினும் உயரம் குறைந்த மலை என்று எண்ணி அதனை எளிதாகக் கருதியவர்கள் பலர் உயிரிழந்துள்ளனர். செங்குத்தான கருங்கற் சுவர்கள், கத்தி முனை போன்ற முகடுகள், நொடியில் மாறும் வானிலை, குளிர்காலத்தில் ஆளுயரத்துக்கு மேல் குவியும் பனி ஆகியவை அதன் இயல்பு. கோடைக்காலத்திலும் அங்கே பனி பொழிவதுண்டு.

ஸாருஸ்கி அப்போது முப்பத்தேழு வயதினர். மலையில் பிறந்தவரல்லர், மலை வாழ்க்கையை அறிந்தவருமல்லர். ஆனால் வடகடலின் குளிரைத் தாங்கிய உடலும், வானத்தைப் படிக்கப் பழகிய கண்ணும், கயிற்றைக் கையாளத் தெரிந்த கையும் அவருக்கு இருந்தன. விரைவில் அவர் தேர்ந்த மலையேறியானார். பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலில் பூட்டிக்கொண்டு, குளிர்காலத்தில் எவரும் செல்லத் துணியாத முகடுகளுக்குச் சென்று திரும்பினார். மலைவாழ் மக்களும் வெளியூரிலிருந்து வந்த இந்த மாலுமியைத் தம்மவராக ஏற்றுக்கொண்டனர்.

நண்பரின் மறைவு

மலையேறுவோர் எண்ணிக்கை ஆண்டுதோறும் பெருகியது, விபத்துகளும் பெருகின. ஒருவர் காணாமற்போனால், செய்தி அறிந்த வழிகாட்டிகள் சிலர் கூடித் தேடச் செல்வர். யார் தலைமை ஏற்பது, என்ன கருவிகளை எடுத்துச் செல்வது, எப்போது புறப்படுவது என்பனவற்றுக்கு ஓர் ஒழுங்கு இல்லை. ஆட்களைத் திரட்டுவதற்குள் பொழுது போய்விடும். மலையிலோ ஒரு மணி நேரத் தாமதமும் ஓர் உயிரைப் பறித்துவிடும். ஆகவே, நிலையானதொரு மீட்புக் குழு வேண்டும் என்று ஸாருஸ்கி வலியுறுத்தி வந்தார். அவரோடு சேர்ந்து குரல் கொடுத்தவர்களுள் ஒருவர் மியெச்சிஸ்வாவ் கார்வோவிச். அவர் போலந்தின் புகழ்பெற்ற இசையமைப்பாளர். மலையையும் ஒளிப்படக் கலையையும் நேசித்தவர்.

1909ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 8ஆம் நாள், கார்வோவிச் ஒளிப்படக் கருவியுடன் தனியாகப் பனிச்சறுக்கிச் சென்றார். சென்றவர் திரும்பவில்லை. தேடிச் சென்றவர்களுள் ஸாருஸ்கியும் இருந்தார். பனியில் பதிந்திருந்த சறுக்குத் தடத்தைப் பின்பற்றிச் சென்றபோது, சிறிய கொஷ்சியெலெத்ஸ் என்னும் சிகரத்தின் சரிவில் அத்தடம் அறுபட்டுப் போயிருந்தது. அதற்கப்பால் பனிச்சரிவு குவித்த பெரும் மேடு கிடந்தது.

பனிச்சரிவு என்பது யாது? மலைச் சரிவில் பனி அடுக்கடுக்காகப் படிகிறது. அடியிலுள்ள அடுக்கு உறுதியற்றதாய் இருந்தால், மேலுள்ள அடுக்கு அதனைப் பற்றிக்கொள்ள இயலாது. அந்நிலையில் ஒரு மனிதரின் எடைகூட அதனைப் பெயர்த்துவிடப் போதுமானது. பெயர்ந்த பனி கண்ணிமைக்கும் நேரத்தில் விரைந்து இறங்கும். நின்றவுடன் கல்லைப் போல் இறுகிவிடும். அதனுள் சிக்கியவர் தாமாக வெளிவருவது மிக அரிது.

பனியைத் தோண்டியபோது கார்வோவிச்சின் உடல் கிடைத்தது. அவருக்கு வயது முப்பத்திரண்டு. மீட்புக் குழு வேண்டும் என்று கேட்டவரே, அக்குழு தோன்றுமுன் மலைக்கு இரையானார். அவர் மறைந்த இடத்தில் இன்றும் ஒரு நினைவுக்கல் நிற்கிறது.

கூலி கேளாத வாக்கு

நண்பரின் மறைவு ஊர் மக்களின் மனத்தை அசைத்தது. அதுவரை தயங்கியவர்களும் துணை நின்றனர். அதே ஆண்டு அக்டோபர்த் திங்கள் 29ஆம் நாள், தாத்ரா தன்னார்வ மீட்புக் குழு அரசின் பதிவைப் பெற்றது. ஸாருஸ்கி அதன் முதல் தலைவரானார். கிளிமெக் பாக்லேடா என்னும் முதிய வழிகாட்டி துணைத் தலைவரானார். கிளிமெக் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதில் ஆடு மேய்த்து வளர்ந்தவர். ஒவ்வொரு பாறையையும் பெயர் சொல்லி அறிந்த அவரை மலைவாழ் மக்கள் வழிகாட்டிகளின் அரசராகவே போற்றினர். ஓவியம் கற்ற மாலுமியும் ஆடு மேய்த்த வழிகாட்டியும் ஒரே கயிற்றின் இரு முனைகளானார்கள்.

குழுவில் சேர்ந்த ஒவ்வொருவரும் ஓர் உறுதிமொழி ஏற்றனர். தம் உடல் நலமாக உள்ளவரை, எந்தப் பருவமாயினும், பகலாயினும் இரவாயினும், வானிலை எவ்வாறிருப்பினும், தலைவர் அழைத்தவுடன் வந்து, காணாமற்போனவரைத் தேடி மலைக்குச் செல்வதாக அவர்கள் வாக்களித்தனர். தலைவரின் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து நடப்பதும் அவ்வாக்கின் ஒரு பகுதியாகும். இதற்கு ஊதியம் எதுவும் இல்லை. எவரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவுமில்லை. தாமாக முன்வந்து தந்த வாக்கு என்பதாலேயே அதனை மீறுவது அவர்களுக்கு இயலாததாயிற்று.

இன்றுள்ள வசதிகள் அன்று இல்லை. வானூர்தி இல்லை, கைப்பேசி இல்லை. சணற்கயிறு, பனிக்கோடரி, கைவிளக்கு, காயமுற்றோரைச் சுமக்கும் தூக்குப்படுக்கை ஆகியனவே துணை. துன்பத்தில் சிக்கியவர் ஒலியாலோ ஒளியாலோ ஒரு நிமிடத்தில் ஆறு முறை குறி காட்டுவதும், பின்னர் ஒரு நிமிடம் அமைதி காத்து மீண்டும் அவ்வாறே செய்வதும் மலையேறுவோர் அறிந்த முறை. கேட்டவர் ஒரு நிமிடத்தில் மூன்று முறை விடைக்குறி தருவார். இம்முறை இன்றும் பல நாடுகளின் மலைகளில் வழக்கிலுள்ளது.

திரும்பாத தோழர்

குழு தோன்றி ஓராண்டு நிறைவதற்குள் அதன் வாக்குக்குக் கடும் சோதனை வந்தது. 1910ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களின் தொடக்கத்தில், ஷுலாக்கியேவிச் என்னும் இளைஞர் ஒரு தோழருடன் சிறிய யாவரோவிச் சிகரத்தின் செங்குத்துச் சுவரில் ஏறினார். வழியில் விழுந்து கடுமையாகக் காயமுற்றார். உடன் சென்ற தோழர் தனியாக இறங்கி வந்து செய்தி தெரிவித்தார். ஸாருஸ்கியின் தலைமையில் மீட்புக் குழு உடனே புறப்பட்டது. அறுபது வயதை எட்டிக்கொண்டிருந்த கிளிமெக்கும் உடன் சென்றார்.

வானிலை கொடுமையாக இருந்தது. மழை விடாது பெய்தது. மேலே அது பனியாக மாறியது. பாறைகளின் மீது நீர் அருவியாய் வழிந்தது. மேலிருந்து கற்கள் உருண்டு விழுந்தன. விரல்கள் மரத்துப்போயின, கயிறு நனைந்து விறைத்தது. ஏற ஏற ஒன்று தெளிவாயிற்று: இந்நிலையில் மேலும் சென்றால், ஒருவரைக் காக்கச் சென்ற பலரும் மடிய நேரிடும்.

தலைவராகிய ஸாருஸ்கி அப்போது செய்ய வேண்டியிருந்த முடிவை எண்ணிப் பாருங்கள். மேலே காயமுற்ற ஒருவர் உதவியை எதிர்நோக்கிக் கிடக்கிறார். கீழே தம்மை நம்பி வந்த தோழர்கள் நிற்கின்றனர். கப்பல் தலைவர் ஒருவர் புயலில் தம் மாலுமிகளின் உயிருக்குப் பொறுப்பேற்பதைப் போல, இங்கே இவர் பொறுப்பேற்க வேண்டியிருந்தது. திரும்பும்படி அவர் கட்டளையிட்டார்.

அனைவரும் திரும்பினர், கிளிமெக் மட்டும் திரும்பவில்லை. முன்னால் சென்றுகொண்டிருந்த அவர் தனியே மேலேறிச் சென்றார். உதவிக்குச் செல்வேன் என்பதும் தலைவருக்குக் கீழ்ப்படிவேன் என்பதும் அவர் தந்த ஒரே வாக்கின் இரு பகுதிகள். அந்த ஒரு பொழுதில் அவ்விரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து நின்றன. கிளிமெக் முதலாவதைத் தேர்ந்துகொண்டார்.

பல நாள் தேடலுக்குப் பின், பாறைப் பிளவு ஒன்றில் அவருடைய உடல் கிடைத்தது. எவரைக் காக்கச் சென்றாரோ அந்த இளைஞரும் உயிருடன் இல்லை. கிளிமெக்கின் உடல் ஸாகோபனேயிலுள்ள பழைய கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

கிளிமெக்கின் தியாகத்தை மக்கள் இன்றளவும் போற்றுகின்றனர். அவ்வாறு போற்றுவது முறையே. ஆயினும் அன்று திரும்பும்படி சொன்னவரின் துணிவையும் நாம் மறத்தலாகாது. முன்னேறிச் செல்வோரை உலகம் எளிதில் புகழும். பின்வாங்கச் சொல்வோரை எளிதில் பழிக்கும். பழி வரும் என்று அறிந்தும், மற்றவர்களின் உயிரைக் காக்கத் திரும்பும்படி சொல்வதற்குத் தனித்ததொரு மனவலிமை வேண்டும். ஸாருஸ்கி தம் தோழரை இழந்த துயரோடு அப்பணியை விட்டு விலகிவிடவில்லை. 1914ஆம் ஆண்டில் உலகப்போர் மூளும்வரை குழுவின் தலைவராக இருந்து, அழைப்பு வந்தபோதெல்லாம் மலைக்குச் சென்றார்.

மீண்டும் கடலுக்கு

போர்க்காலத்தில் அவர் போலந்து விடுதலைப் படையின் குதிரைப் பிரிவில் சேர்ந்தார். 1918ஆம் ஆண்டு போலந்து மீண்டும் ஒரு நாடாயிற்று. ஸாருஸ்கி படைத்தலைவர் நிலைக்கு உயர்ந்து, குடியரசுத் தலைவரின் படைத்துறை உதவியாளராகவும் விளங்கினார். தம் மலை அனுபவங்களை ஒரு நூலாகவும் எழுதி 1923ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

ஓய்வு பெற்ற பின்னர் அவர் உள்ளம் மீண்டும் கடலை நாடியது. புதிதாகப் பிறந்த நாட்டின் பிள்ளைகளுக்குக் கடலைப் பழக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். சாரணர் இயக்கத்துக்கு உரியதாய், ஸவீஷா சார்னி என்னும் வீரரின் பெயர் தாங்கிய பாய்மரக் கப்பலுக்கு 1935ஆம் ஆண்டு முதல் அவரே தலைவரானார். அறுபத்தெட்டு வயதில், இளஞ்சாரணர்களுக்குப் பாய் விரிக்கவும் சுக்கான் பிடிக்கவும் கற்றுத் தந்தார். ஒரே கப்பலில் இருப்பவர் ஒருவருக்கொருவர் காவலர் என்னும் பாடத்தை அக்கப்பல் நாள்தோறும் அவர்களுக்குப் புகட்டியது.

1939ஆம் ஆண்டு இரண்டாம் உலகப்போர் மூண்டது. ஸாருஸ்கி தங்கியிருந்த லிவீவ் நகரைச் சோவியத் படை கைப்பற்றியது. முதிய வயதில் அவர் மீண்டும் சிறைப்பிடிக்கப்பட்டார். இளமையில் அவரைக் கடலோரம் நாடு கடத்தியது ஓர் அரசு. முதுமையில் அவரைக் கருங்கடலுக்கு அருகிலுள்ள கெர்சன் நகரச் சிறைக்கு அனுப்பியது மற்றோர் அரசு. அவர் முதன்முதலில் கடலைக் கற்ற ஒதெசா நகர் அங்கிருந்து வெகு தொலைவில் இல்லை. 1941ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 8ஆம் நாள், எழுபத்து நான்காம் வயதில் அச்சிறையிலேயே அவர் உயிர் நீத்தார். எத்தனையோ பேரைத் தேடிச் சென்றவரைத் தேடி வர அன்று எவராலும் இயலவில்லை.

அழியாத வாக்கு

ஸாருஸ்கி தொடங்கிய மீட்புக் குழு நூறு ஆண்டுகளைக் கடந்து இன்றும் இயங்குகிறது. அதன் மீட்பர்கள் இப்போது வானூர்தியிலும் செல்கின்றனர். ஆயினும் புதிதாகச் சேர்பவர் இன்றும் வாக்களித்த பின்னரே குழுவில் இடம் பெறுகிறார். ஸாருஸ்கியின் பெயர் தாங்கிய பாய்மரக் கப்பல் ஒன்று இளைஞர்களைச் சுமந்து கடலில் செல்கிறது. மலையிலும் கடலிலும் அவர் பெயர் வாழ்கிறது.

பிறந்த ஊர் ஒன்று, வளர்ந்த ஊர் ஒன்று, பணி செய்த ஊர் வேறொன்று என்று அமைந்தது அவர் வாழ்க்கை. சென்ற இடமெல்லாம் அவ்விடத்தின் துன்பத்தைத் தம் துன்பமாகக் கொண்டார். ஓர் ஊர் நமக்கு உரியதாவது அங்கே பிறப்பதனால் மட்டுமன்று. அங்குள்ளவர் அழைக்கும்போது எழுந்து செல்வதனாலும் ஆகும்.

அருஞ்சொற்பொருள்

வினவுதல் – கேட்டல்
தூரிகை – ஓவியம் தீட்டும் கோல்
முகடு – மலையின் உச்சி விளிம்பு
பனிக்கோடரி – இறுகிய பனியில் படி வெட்டவும் பிடிமானம் கொள்ளவும் உதவும் கருவி
சுக்கான் – கப்பலைத் திருப்பும் கருவி
புகட்டுதல் – மனத்தில் பதியுமாறு கற்பித்தல்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ஸாருஸ்கி ஸாகோபனே ஊருக்குக் குடிபெயர்ந்தது ஏன்?
2. பனிச்சரிவு எவ்வாறு ஏற்படுகிறது?
3. மலையில் துன்பக் குறி காட்டும் முறை யாது?

ஆ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. மீட்புக் குழுவினர் ஏற்ற உறுதிமொழியின் இரு பகுதிகள் யாவை? 1910ஆம் ஆண்டு நிகழ்ச்சியில் அவை எவ்வாறு ஒன்றோடொன்று முரண்பட்டன?
2. தண்டனையை ஸாருஸ்கி எவ்வாறு தமக்குப் பயனுடையதாக்கிக்கொண்டார்?

இ. பிரித்து எழுதுக.
மலையடிவாரம், கருங்கடல், வானிலை, உறுதிமொழி

ஈ. கலந்துரையாடுக.
திரும்பும்படி கட்டளையிட்ட தலைவர், திரும்பாமல் மேலேறிய தோழர் ஆகிய இருவரில் யாருடைய முடிவு சரியானது என நீங்கள் கருதுகிறீர்கள்? இரு குழுக்களாகப் பிரிந்து காரணங்களுடன் தமிழில் உரையாடுக.

உ. செய்து பார்க்க.
நீங்கள் இப்போது வாழும் ஊரில் ஊதியம் பெறாமல் பிறருக்கு உதவும் ஒருவரைச் சந்தித்து, அவர் பணியைப் பற்றிப் பத்துத் தொடர்களில் எழுதி வருக.